வளைவைக் கூட்டியவனுக்கு

நேற்று படப்பையில் ஒரு டயர் கடை வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மூன்று வருடத்துக்கு முன் போட்ட பைக்கின் பின்டயரை மாற்ற வேண்டியிருந்தது. கடைக்காரர் பழையதைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, புது டயரைச் சுற்றியிருந்த காகிதத்தைக் கிழித்தார். புது ரப்பரின் காட்டமான வாசனை முகத்தில் அடித்தது. பிறகு பழையதைக் காலால் அரை வட்டம் உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்னாக்கா, நடுவுல மொட்டையா கீது, ரெண்டு ஓரமும் வாங்கனப்போ எப்டி இருந்திச்சோ அப்டியே கீது. வளைவே இல்லாத ஊர்லயா வண்டி ஓட்டிக்கினு இருந்தே?"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன். வரவில்லை. நீ இறந்து ஏழு மாதம் ஆகிறது. உன்னைப் பற்றிக் கேட்கத் தகுதியுள்ள ஒருவரும் இதுவரை என்னை எதுவும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு டயர்தான் கேட்டது.

உனக்கு நினைவிருக்கும், நம் கம்பெனி பைக் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் வண்டியை எடுக்கும் முன் குனிந்து அடுத்தவன் பின்டயரின் ஓரத்தைப் பார்ப்பார்கள். வளைவில் வண்டியை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு தூரம்தான் டயர் ஓரம் வரை தேயும். சாய்க்கப் பயப்படுகிறவனின் டயரில், தரையே படாத ரப்பர் ஒரு பட்டையாக வழவழவென்று மிச்சம் நிற்கும். அதற்குப் பெயர் பயக்கோடு. அதை விரலால் அளப்பார்கள். ஒரு விரல், ரெண்டு விரல். ரெண்டு விரல் உள்ளவன் அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டே கேட்டைத் தாண்டுவான்.

அந்த ஸ்டாண்டில் கியர் பைக் வைத்திருந்த ஒரே பெண் நான். தர ஆய்வில் இருந்ததால் ஷிஃப்ட் முடிந்தும் அரைமணி நேரமாவது வேலை இருக்கும். அதற்குள் குன்றத்தூர் போகும் கம்பெனி பஸ் கிளம்பிவிடும். தம்பி வெளிநாடு போனபோது வீட்டில் விட்டுப்போன பைக்கை வேறு வழியில்லாமல் ஓட்டத் தொடங்கினேன். பிறகு அது பிடித்துப்போனது. வயது முப்பத்தேழு. என் டயரில் ரெண்டு விரலுக்கும் மேல் மிச்சம் இருந்தது. மெயின்டெனன்ஸ் சேகர் குனிந்து பார்த்துவிட்டு எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வான்: "வுடுங்கபா, மேடம் அந்த எடத்துல கோலம் போடலாம்னு வச்சிக்கிறாங்கோ."

அவர்களுக்கு முன்னால் நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். வீட்டில் நானே குனிந்து விரல் வைத்து அளந்து பார்ப்பேன். இதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை.

நீ எந்திரப் பிரிவில் காண்டிராக்ட் ஆள். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தை ஒட்டிய ஊர். ஒரகடத்தில் ஆறு பேர் சேர்ந்திருந்த அறையில் இருந்தாய். பிரேக் டிஸ்குகளை நான் சோதிக்கும் முன்பே உன் மிஷினில் வந்த கோணல் பீஸ்களை நீயே ஒதுக்கி வைத்திருப்பாய் என்பதைத் தவிர எனக்கு உன்னைப் பற்றி எதுவும் தெரியாது, அந்த எமரி பேப்பர் நாள் வரை. ஒருவன் தன் டயரின் பயக்கோடு முழுக்கப் போய்விட்டதாகக் காட்டிக்கொண்டு நின்றான். எல்லோரும் முதுகில் தட்டினார்கள். நீ மட்டும் குந்தி உட்கார்ந்து, ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "ஏலேய், ரோட்ல தேஞ்சா கீறல் டயரு சுத்துத பக்கமாலா இருக்கும்? இது குறுக்கால இருக்கு. பிசிறு தேய்க்குத செக்‌ஷன்ல எமரி பேப்பர் வாங்கி உக்காந்து தேச்சிருக்க." ஸ்டாண்டே அதிர்ந்தது. அவன் கொஞ்ச நாள் பஸ்ஸில் வந்தான்.

நான்தான் உன்னிடம் வந்து கேட்டேன், இதெல்லாம் எப்படித் தெரியும் என்று. ஞாயிற்றுக்கிழமைகளில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் கொடி காட்டப் போவதாகச் சொன்னாய். வளைவில் நின்று, யாராவது விழுந்தால் பின்னால் வருகிறவர்களுக்கு மஞ்சள் கொடி ஆட்டுகிற வேலை. "நான் ஓட்டிக் கத்துக்கிடல மேடம். விழுதவங்களப் பாத்துக் கத்துக்கிட்டேன்" என்றாய். அடுத்த சீசனில் அங்கே பயிற்சி தருகிறவருக்கு உதவியாளாக உன்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் நீ தரையைப் பார்த்துச் சிரித்தாய்.

"சாய்க்கணும்னு ஆசையா இருந்தா ஒரு ஞாயித்துக்கெழம அங்க வாங்க. ரோட்ல மட்டும் வேண்டாம்."

அப்படித்தான் நான் வந்தேன். ஆண்களுக்கென்று தைத்த தோல் உடுப்பு. தோளில் தொங்கியது, இடுப்பில் பிடித்தது. காலையில் ஏழு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது நீ மூன்றாவது வளைவில் விளக்குமாற்றோடு நின்றுகொண்டிருந்தாய். தடத்தில் கிடந்த சிறு கல்லையும் மண்ணையும் ஓரம் வரை கூட்டித் தள்ளிவிட்டு, வளைவின் உட்பக்கம் ஒரு ஆரஞ்சு கோனை வைத்தாய். வெளி ஓரத்திலிருந்து வளைவுக்குள் நுழைய வேண்டும், கோனை உரசுகிற மாதிரி உள்ளே வர வேண்டும், மறுபடி வெளி ஓரத்துக்குப் போய்விட வேண்டும். பிரேக்கை வளைவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். பயிற்சியாளர் சொன்னது இவ்வளவுதான். நான் காலை முழுக்க அதைத் தப்பாகவே செய்தேன்.

மதியம் தக்காளிச் சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே நீ சொன்னாய்: "நீங்க கோனப் பாத்து பயப்படுதிய. பயப்படாம, அதப் பாத்தாச்சுன்னா வெளிய போற வழியப் பாருங்க. அக்கா, அது வெறும் பிளாஸ்டிக்கு." அன்றுதான் முதல்முறையாக என்னை அக்கா என்றாய்.

நாலு மணி வாக்கில் அது நடந்தது. மூன்றாவது வளைவில் வண்டி சாய்ந்தது, நான் அதைத் தடுக்கவில்லை. தரை பக்கத்தில் வந்தது. கோன் முழங்காலைத் தாண்டிப் போனது. அந்த இரண்டு நொடியில் எனக்கு வயதில்லை, பெயரில்லை, வீட்டில் யாரும் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் நீ ஒரு கையில் கொடியைச் சுருட்டி வைத்துக்கொண்டு மறு கையின் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாய்.

திரும்பும்போது வண்டிகள் நிறுத்துமிடத்தில் வைத்து, நான் கேட்காமலே ஒன்று சொன்னாய். "அக்கா, இந்த வளைவ இன்னைக்குக் காலைல நான் கூட்டுனேன். ரோட்ட யாரு கூட்டுனா? எனக்குத் தெரிஞ்சதுல கால்வாசிதான் ரோட்ல எடுப்பேன். மிச்சம் எதுக்க வாரவனுக்கு." நான் தலையாட்டினேன். புரிந்துதான் தலையாட்டினேன். அதனால்தான் இன்றைக்கு இதை எழுத இவ்வளவு கூசுகிறது. தெரியாமல் செய்திருந்தால் தவறு என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

திங்கட்கிழமை சேகர் குனிந்து பார்த்தான். "டிராக்குக்கெல்லாம் போய்ட்டு வந்தீங்களாமே மேடம்! இன்னும் ஒரு விரல் மிச்சம் கீதே. அங்க இன்னா, ஷேர் ஆட்டோவா ஓட்டினீங்கோ?"

நீ அவனிடம் சொன்னாய்: "சேகரு, உன் டயரு தேஞ்சது சாய்ச்சுல்ல. காத்தே அடிக்காம ஓட்டி." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு விரல் அந்த வாரம் முழுக்க என்னோடு வந்தது. ஆய்வு மேஜையில், சாப்பாட்டுத் தட்டில், கோயில் படியில்கூட. படித்த பெண், பதின்மூன்று வருட வேலை அனுபவம், எனக்குக் கீழே ஒன்பது பேர். அடுத்தவர் குனிந்து பார்க்கிற ஒரு பட்டை ரப்பருக்காக.

சனிக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்து நாம் இருவரும் ஒரே நேரத்தில் கிளம்பினோம். பெரிய சாலையில் ஆறு வழி வேலை நடந்துகொண்டிருந்ததால் எல்லோரும் ஏரிக்கரைச் சாலையில்தான் போவார்கள். நீ உன் பழைய வண்டியில் முன்னால் போய்க்கொண்டிருந்தாய், இடதுபுறமாக, நாற்பதுக்கு மேல் போகாமல். ஏரி மதகு தாண்டியதும் வலப்பக்கம் ஒரு நீள வளைவு வருமே, அதற்கு முன்னால் உன்னை நான் முந்தினேன். நீ மூன்று முறை ஹாரன் அடித்தாய். உற்சாகப்படுத்துகிறாய் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது.

டிராக்கில் செய்ததை அப்படியே செய்தேன். இடது ஓரத்திலிருந்து நுழைந்தேன், வண்டியைச் சாய்த்தேன், வளைவின் உட்பக்கத்துக்கு வந்தேன். டிராக்கில் அந்த இடம் தடத்தின் விளிம்பு. சாலையில் அது எதிரே வருகிறவருடைய பாதி. எந்த இடத்தில் கோன் இருந்திருக்குமோ சரியாக அந்த இடத்தில், தன் ஓரத்தில், சைக்கிளில் ஒரு மனிதர் வந்துகொண்டிருந்தார். பக்கத்துக் கம்பெனியின் செக்யூரிட்டி. ரெண்டாவது ஷிஃப்டுக்குப் போகிறார். காக்கிச் சட்டை, ஹாண்டில்பாரில் டிபன் கேரியர். நான் வெளியே போகிற வழியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தேன். வண்டியும் அங்கேயே போனது.

என் ஹாண்டில் அவருடைய ஹாண்டிலில் மாட்டியது. அவர் ஒரு பக்கம், நான் மண்லாரி சிந்திய மணலில் ஒரு பக்கம். தலையைத் தூக்கிப் பார்த்தபோது நீ எங்கள் இருவரையும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாய். விட்டுவிட்டு ஓடுகிறாய் என்று ஒரு கணம் நினைத்தேன். நீ வளைவின் மறுமுனைக்குப் போய், யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றி, தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு நின்றாய். கார்களை ஏற்றிவந்த நீள டிரெய்லர் ஒன்று உன் முன்னால் வந்து கிறீச்சிட்டு நின்றது. அதன் பிறகுதான் திரும்பி வந்தாய், முதலில் அவரிடம், பிறகு என்னிடம்.

"அக்கா, விரல அசைங்க. கால அசைங்க. ஹெல்மெட்ட நீங்களா கழட்டாதிய." அவ்வளவுதான் சொன்னாய். ஏன் என்று கேட்கவில்லை.

அவர் ரோட்டோரம் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டு உன்னிடம் சொன்னார்: "இன்னாபா இது, நான் என் சைடுலதானே வந்துகினு இருந்தேன்?" அவருக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. எனக்கு வலது மணிக்கட்டு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரிக்கு அப்போதைய சேஃப்டி ஆபீசர் ஒரு படிவத்தோடு வந்தார். வேலை முடிந்து போகும் வழியில் நடந்ததால் அறிக்கை வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"மேடம், நீங்க ஸ்டாஃப். எதிர் சைடுல போய் இடிச்சீங்கன்னு எழுதினா நாளைக்கு உங்களுக்குத்தான் கஷ்டம். அந்தப் பையன் காண்டிராக்ட். டிராக்குக்கு உங்களைக் கூட்டிட்டுப் போனது அவன்தானே?"

"அவன் கூப்பிட்டான். ஆனா..."

"முன்னாடி அவன் வேகமாப் போனான், அவனைப் பாத்து நீங்களும் போனீங்க, மணல்ல சறுக்கிச்சு. இப்படித்தானே நடந்திருக்கும்?"

நடந்திருக்கும். அந்தச் சொல்லை அவர் எனக்கு ஒரு நாற்காலி மாதிரி நகர்த்திப் போட்டார். நான் அதில் உட்கார்ந்தேன். வலது கையில் கட்டு இருந்ததால் அவரே எழுதினார். ‘முன்னால் வேகமாகச் சென்றவரைப் பின்தொடர்ந்து வளைந்தபோது’ என்று தொடங்கியது அந்த வரி. நான் எழுதவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுதவில்லைதான். முழுதாக வாசித்தேன். வாசித்துவிட்டு இடது கையால் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை உன் கேட் பாஸைப் புதுப்பிக்கவில்லை. அதை நான் அறிந்தது ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பியபோது. ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ போன் செய்தாய். "கை எப்படி இருக்குக்கா? கட்டு இறுக்கமா இருந்தா டாக்டர்ட்ட சொல்லுங்க. அந்த செக்யூரிட்டி ஐயாவப் போயிப் பாத்தேன், நல்லா இருக்காவ." நான் நன்றி சொன்னேன். நீ வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உனக்கு எதுவும் தெரியாது என்று முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவு எனக்கு நிம்மதியாக இருந்தது.

கேன்டீனில் உன் அறைத் தோழன் சொன்னான்: "அவன் ஊருக்குப் போய்ட்டான் மேடம். இங்க வேற கம்பெனிலயும் எடுக்க மாட்டேனுட்டாங்க." ஊருக்குப் போனதால் டிராக்கும் போனது. மூன்றாவது வளைவில் அந்த சீசன் யாரோ கூட்டியிருப்பார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. கட்டுப் பிரித்ததும் பேசலாம் என்று நினைத்தேன். அப்ரைசல் முடியட்டும் என்று நினைத்தேன். அதன் பிறகு இவ்வளவு நாள் கழித்து எப்படி என்று நினைத்தேன். பொங்கலுக்கு உன்னிடமிருந்து வாழ்த்துக் குறுஞ்செய்தி வந்தது. ‘உனக்கும்’ என்று ஒரு சொல் அனுப்பினேன். அதன் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்தது. அதற்கும் அதே ஒரு சொல்.

மஞ்சள் காமாலை முற்றி நீ போய்விட்டதை அதே அறைத் தோழன்தான் சொன்னான், நீ போய் மூன்று மாதம் கழித்து. அன்றைக்கு இருக்கையில் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி எழுதினேன். நான் முந்தினேன், அவன் ஹாரன் அடித்துத் தடுத்தான், நான் எதிர்ப் பாதியில் போனேன், அவன் டிரெய்லரை நிறுத்தியதால்தான் இரண்டு பேர் உயிரோடு இருக்கிறோம். புதிதாக வந்திருக்கும் சேஃப்டி ஆபீசர் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நாலு வருஷம் ஆச்சு மேடம். அவரும் இல்லைன்னு சொல்றீங்க. இது இப்ப யாருக்கு?" ஃபைலில் வையுங்கள் என்றேன். வைத்தார். கடன் தீர்ந்த மாதிரி வெளியே வந்து நடந்தேன். அதற்கும் சேர்த்து வெட்கப்படுகிறேன்.

நேற்று டயர் கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததும், அறைத் தோழனிடம் வாங்கி வைத்திருந்த எண்ணில் உன் அக்காவுக்குப் போன் செய்தேன். யாரென்று சொன்னேன். மறுமுனையில் ஒரு குடத்தைச் சிமெண்டுத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். முன்னால் போனது நான் என்பதையும், கையெழுத்துப் போட்டதையும். நடுவில் அழக் கூடாது என்று மட்டும் தீர்மானித்திருந்தேன், அழவில்லை. முடித்ததும் அவர் சொன்னார்:

"அது எங்களுக்குத் தெரியும்லா. அந்தத் திங்கக்கெழமையே காண்டிராக்டர் அவன நிக்க வச்சு வாசிச்சுக் காட்டிருக்காரு. அன்னைக்கே போன்ல சொல்லிட்டான்."

செவ்வாய்க்கிழமை நீ என்னை அழைத்தபோது உனக்குத் தெரியும்.

"கோவமா இருந்தானா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஊருக்கு வந்து பத்து நாளு யாருகிட்டயும் பேசல. அப்புறம் அவனே சொல்லுவான், ‘அந்தக்கா பயந்துட்டாவ, ஒருநா போன் பண்ணுவாவ பாரு’ன்னு. வீட்டுல எந்தப் போன் அடிச்சாலும் அவந்தான் எந்திரிச்சு ஓடுவான். நாங்க கேலி பண்ணுவோம், மெட்ராஸ்லேர்ந்தான்னு." குடம் நகரும் சத்தம் கேட்டது. "இத அவன் இருக்கையில பண்ணிருக்கலாம்லா?"

"ஆமாக்கா" என்றேன். "பண்ணிருக்கலாம்."

"சரி, வச்சிருதேன். தண்ணி வந்திருக்கு."

மணிக்கட்டு மழைக்காலத்தில் வலிக்கும். யாராவது கேட்டால் விழுந்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம். இதை யாரிடம் எப்படிச் சொல்வது? மூன்று வருடத்துக்கு மேல், உங்கள் வீட்டில் போன் அடிக்கும்போதெல்லாம் நீ எழுந்து ஓடியிருக்கிறாய். அத்தனை தடவையும் அது நான் இல்லை.